வெயிலுக்கும் மழைக்கும் நிற்கும் ஒரு மலை நிலையம்: தோட்ட ரயிலுக்கான கட்டடம் கட்டும் முறை

தோட்டத்தில் மாதிரி ரயில் பாதை அமைத்துவிட்டு அதன் ஓரத்தில் ஒரு நிலையக் கட்டடம் வைக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் மழையை நினைத்தே அஞ்சுகிறார்கள். கூரை ஒழுகுமா, சுவர் ஊறுமா என்பவையே என்னிடம் வரும் முதல் கேள்விகள். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பத்து ஆண்டுகளுக்கு மேலாக இத்தகைய கட்டடங்களைக் கட்டியும் பழுதுபார்த்தும் வந்ததில் நான் கற்றது இதுதான்: நம் ஊரில் மாதிரிக் கட்டடத்தை முதலில் கெடுப்பது வெயில். வெயில் திறந்துவிட்ட இடுக்கில்தான் மழை நுழைகிறது. பொருளைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து நிறம் பூசுவது வரை ஒவ்வொரு முடிவையும் இந்த வரிசையில் எடுத்தால் கட்டடம் பல ஆண்டுகள் நிற்கும்.

நான் கட்டிய முதல் நிலையம் ஓராண்டுகூடத் தாங்கவில்லை. சாதாரண ஒட்டுப்பலகையை வெட்டி, தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையால் இணைத்து, ஜன்னல் சட்டங்களை உடனடியாக ஒட்டும் பசையால் பொருத்தியிருந்தேன். சித்திரை மாதத்தில் ஒரு நாள் பார்த்தபோது ஜன்னல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து நடைமேடையில் கிடந்தன. ஐப்பசி மழையில் பலகையின் விளிம்பு, நனைந்த புத்தகத்தின் தாள்களைப் போல அடுக்கடுக்காகப் பிரிந்தது. மூலையைத் தொட்டபோது பசை மறுபடியும் பாலாகி என் விரலில் ஒட்டியது. மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையாக இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே ஊதியிருக்கும். ஆகவே இந்தக் குறிப்பில் வரும் கட்டடத்தில் மரமும் கிடையாது, தண்ணீரில் கரையும் பசையும் கிடையாது.

அளவைத் தீர்மானித்தல்

தோட்ட ரயில் என்று உலகெங்கும் இன்று அறியப்படுவது 1968-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து லேமன் நிறுவனம் எல்.ஜி.பி. என்ற பெயரில் வெளியிட்ட வரிசையிலிருந்து பரவியது. அதன் தண்டவாளங்களுக்கு இடையே 45 மி.மீ. இருக்கும்; அளவு விகிதம் 22.5-க்கு 1, அதாவது நிஜத்தில் 22.5 மி.மீ. இருப்பது மாதிரியில் 1 மி.மீ. இந்த இரண்டையும் பெருக்கினால் 1012.5 மி.மீ. வருகிறது, அதாவது ஏறக்குறைய ஒரு மீட்டர். எனவே 45 மி.மீ. பாதையில் மீட்டர் கேஜ் ரயிலைத்தான் இந்த விகிதத்தில் சரியாகக் காட்ட முடியும். நம்மிடம் இன்றும் நீராவி எஞ்சின் ஏறும் ஒரு மீட்டர் கேஜ் பாதை, நீலகிரி மலை ரயில், இருப்பது நமக்கு வாய்த்த பெரிய வசதி என்றே நான் கருதுகிறேன். அகலப்பாதை 1676 மி.மீ. கொண்டது, அதை 45 மி.மீ. தண்டவாளத்தில் காட்ட 37-க்கு 1 என்ற விகிதம் தேவைப்படும், அந்த விகிதத்தில் கடையில் எதுவும் கிடைப்பதில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும், அங்கிருந்து உதகை வரை 1908-இலும் திறக்கப்பட்ட அந்த 46 கி.மீ. பாதையில், கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே, எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பற்சட்டம் ஓடுகிறது. குன்னூருக்கு மேலே அது இல்லை. எனவே தோட்டத்தில் சாதாரணப் பாதை வைத்திருப்பவர்கள் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் போன்ற மேல்பகுதி நிலையங்களை மனத்தில் கொண்டு கட்டுவது பொருத்தம். ஒரு குறிப்பிட்ட நிலையத்தை அப்படியே நகலெடுப்பதைவிட, அவற்றின் சாயலில் ஓர் எளிய கட்டடத்தை முதலில் கட்டிப் பழகுவதையே நான் பரிந்துரைக்கிறேன். இங்கே விளக்குவதும் அத்தகைய ஒன்றுதான். நிஜத்தில் 13.5 மீட்டர் நீளமும் 4.5 மீட்டர் அகலமும் 3.6 மீட்டர் சுவர் உயரமும் கொண்ட நிலையம் என்று வைத்துக்கொண்டால், மாதிரி 600 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம், 160 மி.மீ. சுவர் உயரம் என்று முழு எண்களில் அமைகிறது.

நிலையத்தை நேரில் பார்த்து அளவெடுக்க முடிந்தால் மிகவும் நல்லது. முடியாதபோது படத்திலிருந்தே அளவு கண்டுபிடிக்கலாம். சுவருக்கு நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் கதவின் உயரத்தை 2.1 மீட்டர் என்று கொண்டு மற்றவற்றைக் கணக்கிடுங்கள். மாதிரியில் அந்தக் கதவு 93 மி.மீ. வரும். தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர் என்று தெரிந்திருந்தாலும் அதை வைத்துச் சுவரை அளக்கக் கூடாது, ஏனெனில் அது கேமராவுக்கு அருகில் இருப்பதால் பெரிதாகத் தெரியும். 9 அங்குலச் செங்கல் மாதிரியில் 10 மி.மீ. நீளமும் 3.3 மி.மீ. உயரமும் கொண்டிருக்கும். 1.7 மீட்டர் உயரமுள்ள ஆள் 76 மி.மீ. நிற்பார். இந்த மூன்று எண்களையும் சுவரில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்; வேலை நடுவே கண் தவறும்போது அவை காப்பாற்றுகின்றன.

பொருளை வெட்டுவதற்கு முன் அட்டையில் ஒரு பெட்டி செய்து பாதையோரம் வைத்து, உங்களிடம் உள்ள நீளமான ரயில் பெட்டியை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். வளைவில் ரயில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் பிதுங்கும். நடைமேடையை எப்போதும் நேர்பாதையில் அமைப்பதே நல்லது.

சுவருக்கு எது, கூரைக்கு எது

சுவருக்கு நான் பயன்படுத்துவது பிவிசி ஃபோம் ஷீட். விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் சன் போர்டு என்று கேட்டால் கிடைக்கும். வெட்டி எஞ்சிய துண்டுகளைக் குறைந்த விலைக்கே தருவார்கள். இரண்டு பக்கமும் தாள் ஒட்டிய ஃபோம் போர்டு என்று வேறொன்றும் அங்கே இருக்கும். அது மழையில் ஒரு நாள் தாங்காது, ஏமாந்துவிடாதீர்கள். வெளிச்சுவருக்கு 10 மி.மீ. தடிமனும் உள்தடுப்புகளுக்கு 5 மி.மீ. தடிமனும் போதும். இது தண்ணீர் உறிஞ்சாது, கரையான் அரிக்காது, கூரிய கத்தியால் மூன்று நான்கு முறை இழுத்தால் வெட்டுப்படும். ஒரு முக்கிய எச்சரிக்கை: பிவிசியை லேசர் எந்திரத்தில் ஒருபோதும் வெட்டக் கூடாது. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். அது நுரையீரலையும் எந்திரத்தையும் ஒருசேரக் கெடுக்கும். எந்திரத்தில் வெட்டத்தான் வேண்டுமென்றால் சுழலும் அலகு கொண்ட ரூட்டரில் கொடுங்கள்.

பிவிசியின் குறை வெப்பம். ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அது இளகத் தொடங்கும். வெளிர்நிறச் சுவர் அந்த அளவுக்குச் சூடாகாது. ஆனால் மலை நிலையங்களுக்கு நாம் பூச விரும்பும் செங்காவி நிறக் கூரை மே மாத நண்பகலில் கையை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். ஆகவே கூரையை பிவிசியில் செய்யாதீர்கள். முப்பரிமாண அச்சு எந்திரத்தில் பி.எல்.ஏ. இழையால் செய்யும் பாகங்களுக்கும் இதே எல்லைதான். கூரைத் தாங்கிகளும் விளக்குக் கம்பங்களும் தொய்ந்து தலை கவிழ்வதைப் பார்த்திருக்கிறேன். அச்சிட்டே ஆகவேண்டிய பாகங்களை ஏ.எஸ்.ஏ. இழையில் அச்சிடுங்கள். அது வெப்பத்தையும் புற ஊதாக் கதிரையும் தாங்குகிறது.

கூரைக்கு ஏ.சி.பி. என்று கடைக்காரர்கள் சொல்லும் அலுமினியத் தகட்டுப் பலகை மிகச் சிறந்தது. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து அழுத்திய 3 மி.மீ. பலகை அது. எடை குறைவு, வெயிலில் நெளியாது, எல்லாவற்றுக்கும் மேலாக அதை மடிக்கலாம். அந்த மடிப்புதான் கூரையின் உயிர்.

தரையும் அடித்தளமும்

கட்டடத்தை மண்மீது நேரடியாக வைக்காதீர்கள். 800 மி.மீ. நீளமும் 450 மி.மீ. அகலமும் 50 மி.மீ. கனமும் கொண்ட ஒரு கான்கிரீட் தளம் போட்டு, அதையே நடைமேடையாகவும் பயன்படுத்தலாம். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு எம்-சாண்ட், நான்கு பங்கு பேபி ஜல்லி போதுமானது. நீளவாக்கில் ரசமட்டம் வைத்துச் சமமாக்கி, அகலவாக்கில் பாதைக்கு எதிர்ப்புறமாக 9 மி.மீ. சரிவு கொடுங்கள். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு நீராற்றுங்கள்.

தளத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சிறு ஜல்லி பரப்பி வையுங்கள். வெறும் மண்ணாக இருந்தால் கனமழையில் ஒவ்வொரு துளியும் சேற்றைத் தெறிக்கவிட்டு, சுவரின் கீழ்ப்பாதி செம்மண் நிறமாகிவிடும்; எத்தனை முறை கழுவினாலும் ஜன்னல் சட்டங்களின் இடுக்கில் அந்தக் கறை தங்கும்.

சுவரின் அடிவிளிம்பு தளத்தைத் தொடக் கூடாது. ஒட்டிக் கிடக்கும் இரண்டு பரப்புகளுக்கு இடையே தலைமுடி அளவு இடைவெளி இருந்தால் தண்ணீர் அதில் மேல்நோக்கியும் ஏறும். இடைவெளி 4 மி.மீ. ஆனால் ஏறாது. ஆகவே உள்மூலைகள் நான்கிலும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளைக் கால்களாக வைத்து, கட்டடத்தை 4 மி.மீ. உயர்த்தி நிறுத்துங்கள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் அந்த இடைவெளி வெறும் நிழலாகவே தெரியும். உள்ளே எப்படியாவது நுழைந்துவிடும் தண்ணீரும் அதே வழியாக வெளியேறும். தண்ணீரே நுழையாத கட்டடத்தைக் கட்டப் பல ஆண்டுகள் முயன்று தோற்றேன். நுழைந்த தண்ணீர் தங்காமல் வெளியேறும் கட்டடத்தைக் கட்டத் தொடங்கிய பிறகே என் கட்டடங்கள் நிலைத்தன.

சுவர்கள்

நீளச்சுவர் இரண்டையும் முக்கோண முகப்புள்ள பக்கச்சுவர் இரண்டையும் 10 மி.மீ. பலகையில் வெட்டிக்கொள்ளுங்கள். பக்கச்சுவரின் முக்கோணம் 30 டிகிரி சரிவில் உயரவேண்டும். கதவு, ஜன்னல் திறப்புகளைச் சுவரை இணைப்பதற்கு முன்பே வெட்டுங்கள். மூலைகளில் முதலில் சிறு துளையிட்டுக்கொண்டால் கத்தி எல்லை தாண்டாது.

கல் கட்டுமானத்தைக் காட்டுவது இந்தப் பொருளில் மிக இன்பமான வேலை. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா ஒன்றே போதும். முதலில் பென்சிலால் மூலைக்கற்களைக் குறியுங்கள். அவை எப்போதும் பெரியவை, ஒழுங்கானவை, ஒரு வரிசையில் நீளமாகவும் அடுத்ததில் குட்டையாகவும் மாறிமாறி வரும். பிறகு நடுப்பகுதியில் பேனா முனையை நன்றாக அழுத்தி இழுங்கள். பிவிசியின் மேல்தோல் உள்ளே பதிந்து, சாந்து நிரம்பிய இணைப்பைப் போன்ற வட்டமான பள்ளம் உருவாகும். ஒரு செங்குத்துக் கோடு அடுத்த வரிசையின் செங்குத்துக் கோட்டோடு சேரக் கூடாது. கொத்தனார் கட்டும் சுவரில் அப்படி நேராது, மாதிரியில் ஒரே ஓர் இடத்தில் நேர்ந்தாலும் கண் அங்கேயே போய் நிற்கும். சுவர் முழுதும் கோடு போட்ட பிறகு, சில கற்களின் முகத்தை மட்டும் கம்பித் தூரிகையால் இரண்டு தட்டு தட்டினால் அவை சொரசொரப்பாகித் தனித்துத் தெரியும். 600 மி.மீ. சுவர் ஒன்றுக்கு எனக்கு இரண்டு மாலைகள் ஆகும். அவசரப்படாதீர்கள். பூசிய சுவராக வேண்டுமென்றால் இவ்வளவு வேலையில்லை: நிறத்தில் சலித்த நுண்மணலைக் கலந்து பூசினால் போதும்.

பலகையோடு பலகையை இணைக்கத் தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் பிவிசி சொல்யூஷனே சிறந்தது. அது இரண்டு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், அதன் ஆவி தலையைக் கிறுகிறுக்க வைக்கும். மூலைமட்டம் வைத்துச் செங்கோணத்தைச் சரிபார்த்து ஓர் இரவு அசையாமல் விடுங்கள். வெவ்வேறு பொருட்களை, அதாவது கண்ணாடியை பிவிசியோடும் அலுமினியத்தை பிவிசியோடும் இணைக்க சிலிக்கான் பயன்படுத்துங்கள். அதில் புளிக்காடி வாசனை வரும் வகை உலோகத்தை அரிக்கும், ஆதலால் நியூட்ரல் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். சூடாக்கி ஒட்டும் பசைக்குச்சி சித்திரை வெயிலில் மறுபடியும் உருகும். எபாக்ஸி வலுவானதுதான், எனினும் நேர் வெயிலில் மஞ்சளாகி நொறுங்கும். நிழலான உள்பக்க இணைப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரை உள்ளிருந்து தாங்க 12 மி.மீ. அலுமினிய ஆங்கிளை அடியிலும் மேலும் ஓட்டலாம். இங்கே ஒரு கணக்கு முக்கியம். மார்கழி விடியற்காலைக்கும் மே மாத நண்பகலுக்கும் இடையே சுவரின் சூடு 40 டிகிரி வரை மாறினால், 600 மி.மீ. நீள பிவிசி ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. நீளும், அலுமினியம் அதில் பாதிகூட நீளாது. இரண்டையும் முழு நீளத்துக்கும் இறுக்கி ஒட்டினால் சுவர் வில்லாக வளையும். ஆகவே ஒரு முனையில் திருகை இறுக்கி, மற்ற திருகுகளுக்கான துளைகளைச் சுவரின் நீளவாக்கில் நீள்வட்டமாக அரத்தால் பெரிதாக்குங்கள். சுவர் நகர இடம் கிடைக்கும்.

ஜன்னலுக்குப் பள்ளி ஆய்வகங்களில் பயன்படும் நுண்ணோக்கிக் கண்ணாடித் துண்டுகளை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். 75 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், நிஜத்தில் ஐந்தரை அடி உயர ஜன்னலின் ஒரு கதவுக்கு ஏற்ற அளவு. ஐம்பது துண்டுகள் கொண்ட பெட்டியாகவே கிடைக்கும், எந்த வெயிலிலும் மங்காது. சட்டங்களை 2 மி.மீ. அக்ரிலிக்கில் வெட்டிக்கொள்ளுங்கள், அக்ரிலிக்கை லேசரில் வெட்டலாம். ஜன்னலின் அடிக்கட்டையை வெளிப்புறமாகச் சற்றே சாய்த்துப் பொருத்துங்கள், அதன் அடியில் கத்தியால் ஒரு சிறு கீற்றும் போடுங்கள். சொட்டு நீர் அந்தக் கீற்றைத் தாண்டிச் சுவருக்கு வராது. நம் வீட்டுச் சன்ஷேடுகளின் அடியில் கொத்தனார் விடும் பள்ளத்துக்கும் இதே வேலைதான்.

கூரை

ஒரு பக்கத்துக்கு 25 மி.மீ. இறவாரம் வெளியே நீளவேண்டும். அப்படியானால் முகட்டிலிருந்து இறவாரத்தின் விளிம்பு வரை 144 மி.மீ.; இரண்டு பக்கமும் சேர்த்து 288 மி.மீ. நீளவாக்கில் இரு முனைகளிலும் 20 மி.மீ. நீட்டினால் 640 மி.மீ. ஆக, 640-க்கு 288 மி.மீ. அளவில் ஒரே ஓர் ஏ.சி.பி. பலகை. அதன் அடிப்பக்கத்தில் நட்டநடுவே, கீழ்த்தகட்டையும் உள்ளிருக்கும் பிளாஸ்டிக்கையும் வி வடிவில் சுரண்டி எடுங்கள். மேல்தகட்டில் கீறல் படக் கூடாது. பிறகு மேசை விளிம்பில் வைத்து மெதுவாக மடியுங்கள். மேல்தகடு உடையாமல் முகடாக வளையும். எந்தக் கூரையிலும் முதலில் ஒழுகுவது முகட்டு இணைப்புதான். இங்கே அந்த இணைப்பே இல்லை. மடித்த கோணம் மாறாமலிருக்க அடியில் இரண்டு மூன்று முக்கோணத் துண்டுகளை சிலிக்கானால் ஒட்டுங்கள்.

இனி இதன்மேல் நெளிதகரம். நிஜத் தகரத்தில் ஒரு நெளிவுக்கும் அடுத்ததற்கும் 3 அங்குலம், மாதிரியில் 3.4 மி.மீ. குளிர்பான அலுமினிய டப்பாவின் நடுப்பகுதியை விரித்தால் ஒரு தாள் கிடைக்கும். ஒரு பலகைமேல் சைக்கிள் ஆரைக்கம்பிகளை 3.4 மி.மீ. இடைவெளியில் வரிசையாக ஒட்டி, தாளை அதன்மேல் வைத்து, இன்னொரு கம்பியால் ஒவ்வொரு பள்ளத்திலும் அழுத்தி இழுத்தால் நெளிவு பதியும். 43 மி.மீ. அகலத் துண்டு நெளிந்தபின் ஏறத்தாழ 36 மி.மீ. ஆகும்; உயரம் 78 மி.மீ. போதும். ஒரு சரிவுக்கு இரண்டு வரிசை, ஒரு வரிசைக்கு 20 துண்டு, ஆக மொத்தம் 80 துண்டுகள். ஒரு டப்பாவுக்கு நான்கு என்று கணக்கிட்டால் 20 டப்பாக்கள், கெட்டுப்போவதற்கு நான்கு கூடுதல். விளிம்புகள் பிளேடு போல வெட்டும், கையுறை அணியாமல் தொடவேண்டாம்.

கீழ் வரிசையை முதலில் ஒட்டி, மேல் வரிசை அதன்மேல் 7 மி.மீ. படியும்படி வையுங்கள். பக்கவாட்டில் ஒரு நெளிவு ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவேண்டும், உங்கள் ஊரில் காற்று எந்தத் திசையிலிருந்து அதிகம் அடிக்கிறதோ அதற்கு எதிர்த்திசையில் திறப்பு இருக்கட்டும். கீழ் விளிம்பில் தகரம் பலகையைத் தாண்டி 4 மி.மீ. வெளியே நீண்டால், மழைநீர் பலகையின் விளிம்புக்குத் திரும்பி வராமல் நேரே சொட்டும். துண்டுகள் இம்மியளவு கோணலாக இருந்தால் திருத்தாதீர்கள். தகரக் கூரைகள் அப்படித்தான் இருக்கின்றன.

கூரையைக் கழற்றும்படி வைப்பது கட்டாயம், ஏனெனில் உள்ளே விளக்கு பழுதாகும், பல்லி முட்டையிடும், குளவி மண்கூடு கட்டும். சிறு காந்தங்களால் பிடித்துவைக்கும் முறையை நானும் பின்பற்றிப் பார்த்தேன். இரண்டு மழைக்காலத்தில் காந்தங்கள் துருப்பிடித்துப் பொடியாயின. பக்கச்சுவரின் முக்கோணத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துருப்பிடிக்காத திருகுகள் போதும். அதே முக்கோணத்தில் ஒரு சிறு காற்றோட்டத் துளை விட்டு, உள்பக்கம் கொசுவலைக் கம்பியை ஒட்டிவிடுங்கள். வெந்த காற்று மேலே வெளியேறும், அடியிலுள்ள 4 மி.மீ. இடைவெளி வழியாகக் குளிர்ந்த காற்று நுழையும். கட்டடத்துக்குள் ஈரம் தங்காமலிருக்க இதுவே வழி.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் வாழும் எங்களுக்குப் பழமொழி அளவில் நின்றுவிடுவதில்லை. எடை குறைவான இந்தக் கட்டடத்தைத் தளத்தில் பதித்த ஒரு நீளத் திருகுக் கம்பியால் உள்ளிருந்து இறுக்கிவிட வேண்டும்.

நிறம், பெயர்ப்பலகை, விளக்கு

பிவிசியை 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, காயவைத்து, வீட்டு வெளிச்சுவருக்குப் பூசும் அக்ரிலிக் எமல்ஷனை இரண்டு கைப்பூச்சு பூசுங்கள். வெட்டிய விளிம்புகளில் நுண்துளைகள் திறந்திருக்கும். அவற்றைப் பட்டி வைத்து மூடிய பிறகே நிறம் பூசவேண்டும், அடிவிளிம்பையும் விடக் கூடாது. தகரத்துக்கு, நிறம் பிடிப்பதற்கான அடிப்பூச்சாகிய அலுமினிய எட்ச் பிரைமரை முதலில் அடிக்காவிட்டால் எந்த நிறமும் ஓராண்டில் செதில் செதிலாக உரிந்துவிடும். சிவப்பு நிறத்துக்கு இரும்பு ஆக்சைடு கலந்த செங்காவியைத் தேர்ந்தெடுங்கள். அது வெயிலில் மங்காத கனிம நிறம். பளபளப்பான பிற சிவப்புகள் பல, இரண்டு கோடைகளில் இளஞ்சிவப்பாகிவிடும். மேலே பளபளப்பற்ற, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிபூச்சு ஒன்று அடித்தால், பிளாஸ்டிக்கின் மினுக்கும் போய்விடும், நிறமும் நீடிக்கும்.

கட்டடம் நம் ஊர் நிலையமாக மாறுவது பெயர்ப்பலகையை நட்ட கணத்தில்தான். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. மேலே தமிழ், அடுத்து இந்தி, பிறகு ஆங்கிலம். அதற்கும் கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம். வீட்டு அச்சு எந்திரத்தின் மை மூன்று மாதத்தில் வெளுத்துவிடும். விளம்பரப் பலகைக் கடையிலேயே வினைல் ஒட்டுத்தாளில் அச்சிட்டு, மேலே வெயில் தாங்கும் லேமினேஷன் போட்டு வாங்கி, ஏ.சி.பி. துண்டில் ஒட்டுங்கள்.

விளக்குக்கு 12 வோல்ட் மின்சாரம் போதும், 230 வோல்ட்டைத் தோட்டத்துக்குள் கொண்டுவரவே வேண்டாம். மூன்று மஞ்சள்கலந்த வெள்ளை எல்இடிகளை வரிசையாக இணைத்து 330 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்தால் ஏறக்குறைய 9 மில்லிஆம்பியர் ஓடும். நிலைய அதிபர் அறையில் மங்கலாக ஒளிரும் விளக்குக்கு அதுவே மிகச் சரியான வெளிச்சம். பற்றவைத்த இடங்களை வெப்பத்தில் சுருங்கும் குழாயால் மூடி, கம்பியை அடியிலிருந்து மேலே ஏற்றுங்கள். வழியில் ஒரு சிறு தொங்கல் விட்டால், கம்பி வழியே வரும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

சோதனையும் பராமரிப்பும்

தளத்தில் நிரந்தரமாக இறுக்குவதற்கு முன், கட்டடத்துக்குள் பழைய செய்தித்தாளை விரித்து, கூரையைத் திருகி, தோட்டக் குழாயால் நான்கு பக்கத்திலிருந்தும் பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். நேராக மேலிருந்து மட்டும் அடித்தால் பயனில்லை. வடகிழக்குப் பருவமழை காற்றோடு சாய்ந்துதான் வரும், ஆகவே தரையை ஒட்டிக் கிடைவாக்கிலும் அடியுங்கள். கூரையைத் திறந்து தாளைப் பார்த்தால் எந்த ஜன்னலின் எந்த மூலை ஒழுகுகிறது என்பதை ஈரத்தின் வடிவமே காட்டிவிடும். காயவைத்து, அந்த இடத்தில் சிலிக்கான் வைத்து, மறுநாள் மீண்டும் அடியுங்கள். கூரை ஒழுகாமல், ஜன்னல் ஓரத்தில் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் விழுந்தால் அதை விட்டுவிடுகிறேன்.

அதன் பிறகு ஒரு வெயில் நாளில் காலை முதல் மாலை வரை திறந்தவெளியில் வைத்து, பகல் இரண்டு மணிக்கு நீளச்சுவரின்மேல் ஓர் இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். ஸ்கேலுக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் சுவர் வளைகிறது. நீள்வட்டத் துளைகளில் திருகுகள் அதிகமாக இறுகியிருக்கும், கால் சுற்று தளர்த்துங்கள். இந்த இரண்டாவது சோதனையைப் பலரும் செய்வதில்லை. என் அனுபவத்தில் முதல் சோதனையைவிட இதுவே அதிகக் குறைகளைக் காட்டியிருக்கிறது.

ஆண்டுக்கு இரண்டு முறை கவனித்தால் போதும். புரட்டாசி முடிவில், பெருமழைக்கு முன், கூரையைக் கழற்றிக் கூடுகளை அகற்றி, அடியிலுள்ள இடைவெளியில் அடைந்த இலைச்சருகை ஒரு மெல்லிய கம்பியால் தள்ளிவிடுங்கள். அந்த இடைவெளி அடைபட்டால் நுழைந்த தண்ணீர் வெளியேற வழியிருக்காது. தை மாதத்தில் வடக்குச் சுவரில் படிந்த பாசியைப் பழைய பல்துலக்கியும் சோப்பு நீரும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். தென்னை மரத்தின் கீழே கட்டடத்தை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இடத்தை மாற்றுங்கள். மேலிருந்து விழும் மட்டைக்கு எதிராக எந்தக் கூரையையும் என்னால் வடிவமைக்க முடியவில்லை.